கண்ணுக்குள் ஓர் ஏற்றம்

நுழையும்முன்

உடலின் உறுப்புகளுள் ஒளி ஊடுருவிச் செல்ல இடந்தருவன மிகச் சில. அவற்றுள் முதன்மையானது கண்ணின் முன்புறம் அமைந்த கருவிழிப்படலம். குருதிக்குழாய் ஒன்றும் இல்லாத இப்படலம் உணவை எவ்வாறு பெறுகிறது? இருபுறமும் நீர் சூழ்ந்திருந்தும் வீங்கிக் கலங்கிவிடாமல் எவ்வாறு தெளிவுடன் திகழ்கிறது? இவ்வினாக்களுக்கு அறிவியலறிஞர்கள் விடை கண்ட முறையையும், அவ்விடை பார்வையிழந்தோர்க்குப் பயன்பட்ட வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒளியின் வாயில்

கண்ணாடியின் முன் நின்று தம் கண்ணைப் பார்ப்பவர்க்கு நடுவில் கருமையோ பழுப்போ கொண்ட வட்டம் தெரியும். அந்நிறம் கருவிழிப்படலத்திற்கு உரியதன்று. அதன் பின்னால் உள்ள ஐரிஸ் என்னும் திரைக்கும் பாவைக்கும் உரியது. கருவிழிப்படலத்திற்கென நிறம் ஏதும் இல்லை. கடிகாரத்தின் முகப்பைக் கண்ணாடி மூடியிருப்பதுபோல, அது ஐரிசை மூடிக் காத்து நிற்கிறது. தான் புலப்படாமல் இருப்பதே அதன் பணி.

இப்படலத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். அளவிற் சிறியதாயினும் கண்ணின் ஒளிகுவிக்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு இதனுடையதே. எஞ்சிய பங்கையே விழிலென்சு ஏற்கிறது.

கருவிழிப்படலம் ஐந்து அடுக்குகளால் ஆனது. வெளிப்புறத்தில் கண்ணீர் நனைக்கும் எபிதீலியம்; அதனையடுத்துப் பௌமன் அடுக்கு; நடுவில் ஸ்ட்ரோமா; அதன் பின் டெசிமெட் சவ்வு; அனைத்திற்கும் உள்ளே எண்டோதீலியம். மொத்தத் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமாவே. எண்டோதீலியமோ ஒரே ஒரு செல் வரிசை. அதன் தடிமன் ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர்தான். ஆயினும், தடித்த நடுவடுக்கின் நிலை இந்த மெல்லிய உள்ளடுக்கின் கையில்தான் உள்ளது.

தெளிவின் காரணம்

ஸ்ட்ரோமா கொலாஜன் என்னும் புரத இழைகளால் நெய்யப்பட்டது. கண்ணின் வெண்பகுதியும் அதே கொலாஜனால் ஆனதே. ஒரே பொருளால் ஆன இரண்டனுள் ஒன்று பால்போல் வெளுத்திருக்க, மற்றொன்று பளிங்குபோல் தெளிந்திருப்பது ஏன்?

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இழைகளின் அமைப்பு. வெண்பகுதியில் இழைகள் தடித்தும் மெலிந்தும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றின்மேல் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் அப்பகுதி வெண்மையாகத் தோன்றுகிறது. ஸ்ட்ரோமாவிலோ இழைகள் ஏறக்குறைய ஒரே பருமன் உடையன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமான இடைவெளியில் இணையாக அமைந்தவை. ஒவ்வோர் இழையும் 25 முதல் 30 நானோமீட்டர் பருமனே உடையது. இத்தகைய ஒழுங்கமைப்பில், இழைகள் சிதறடிக்கும் ஒளியலைகள் பக்கத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முன்னோக்கிச் செல்லும் ஒளி மட்டுமே நிலைக்கிறது. டேவிட் மாரிஸ் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1957ஆம் ஆண்டு இவ்விளக்கத்தை வெளியிட்டார். ஒழுங்கின் அளவு பற்றிப் பின்வந்தோர் திருத்தங்கள் கூறினாலும், அவர்தம் அடிப்படைக் கருத்து இன்றும் நிலைபெற்றுள்ளது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இழைகளுக்கு இடையே நீர் மிகுந்தால் இடைவெளிகள் ஏறுமாறாக விரியும், ஒழுங்கு குலையும், ஒளி சிதறும், படலம் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கிவிடும். எனவே, கருவிழிப்படலத்தின் தெளிவைக் காத்தல் என்பது அதன் நீரளவைக் காத்தலே ஆகும்.

நீர்வேட்கை கொண்ட நடுவடுக்கு

நீரளவைக் காப்பது எளிய செயலன்று. ஸ்ட்ரோமா இயல்பிலேயே நீர்வேட்கை மிக்கது. கொலாஜன் இழைகளுக்கு இடையே புரோட்டியோகிளைக்கன் எனப்படும் மூலக்கூறுகள் நிறைந்துள்ளன. அவை எதிர்மின்சுமை உடையன. அச்சுமைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. அயனிகள் மிகுந்த இடத்தை நோக்கி நீர் வருவது சவ்வூடு பரவலின் இயல்பு.

இதனால் ஸ்ட்ரோமா எப்போதும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இவ்வீக்க அழுத்தம் ஏறக்குறைய 55 முதல் 60 மில்லிமீட்டர் பாதரச அளவினது. கண்ணின் உள்ளே நிறைந்துள்ள முன்கண் நீர்மத்தின் அழுத்தமும் நீரை உள்நோக்கித் தள்ளுகிறது. உடலிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரோமாவை நீரில் இட்டால், அது தன் இயல்பான தடிமனைப்போலப் பன்மடங்கு பருத்து வெளுத்துவிடும். ஆனால், உயிருள்ள கண்ணில் அதன் எடையில் ஏறக்குறைய 78 விழுக்காடு நீர் என்னும் அளவு ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கிறது. நீரை இழுக்கும் விசைகள் இத்தனை இருக்க, அதனை வெளியேற்றும் விசை எது?

குளிர்ப்பெட்டி உணர்த்திய உண்மை

இவ்வினாவிற்கு முதலில் எழுந்த விடை எளிமையானது. படலத்தின் இருபுறமும் உள்ள செல் அடுக்குகள் சுவர்போல் நின்று நீரைத் தடுக்கின்றன. சூழ்ந்துள்ள நீர்மங்களின் உப்புச்செறிவு எஞ்சிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. செல்கள் தனியே உழைக்க வேண்டியதில்லை என்று சிலர் கருதினர்.

1955ஆம் ஆண்டு டாவ்சன் என்பவரும், ஹாரிஸ், நார்ட்குவிஸ்ட் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. விலங்கின் கண்ணை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தபோது கருவிழிப்படலம் வீங்கி மங்கியது. அதே கண்ணை மீண்டும் உடல்வெப்ப நிலைக்குக் கொண்டுவந்தபோது வீக்கம் வடிந்து தெளிவு திரும்பியதை அவர்கள் கண்டனர்.

இச்சிறு சோதனை உணர்த்தும் பொருள் பெரிது. நீரைத் தடுப்பது வெறுஞ்சுவராயின், குளிரில் வீங்கிய படலம் வெப்பத்தில் தானே வற்றாது. குளிரில் நின்று வெப்பத்தில் மீண்டும் தொடங்குவது உயிர்வினையே. ஆதலால், படலத்திலிருந்து நீரை வெளியேற்ற உயிருள்ள செல்கள் ஆற்றலைச் செலவிட்டு உழைக்கின்றன என்பது உறுதியாயிற்று. பின்னர் மாரிஸ், முயலின் கருவிழிப்படலத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அவ்வேலையைச் செய்வது ஒற்றைச் செல் வரிசையாகிய எண்டோதீலியமே என்று 1972ஆம் ஆண்டு நிறுவினார். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம்போல், இரவும் பகலும் ஓயாத் தொழில் புரியும் ஏற்றம் ஒன்று கண்ணுக்குள் இருப்பது இவ்வாறு வெளிப்பட்டது.

அயனிகளின் போக்கு

செல்கள் நீரை நேரடியாகப் பிடித்துத் தள்ளுவதில்லை. அவை அயனிகளை நகர்த்துகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீர் நகர்கிறது. இப்பணியின் முதற்கருவி எண்டோதீலியச் செல்களின் பக்கச் சவ்வுகளில் செறிந்துள்ள சோடியம் – பொட்டாசியம் ஏடிபேஸ் என்னும் நொதி. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ, நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957இல் இந்நொதியை அறிவித்தார். 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒரு ஏடிபி மூலக்கூறின் ஆற்றலைக் கொண்டு, மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே அனுப்பி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்வது இதன் செயல். இவ்வாறு செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு ஆற்றலைச் செலவிட்டுப் பொருளை நகர்த்துவது ஆற்றல்சார் கடத்தல் எனப்படும்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. இந்நொதி சோடியத்தை வெளியேற்றுவது ஸ்ட்ரோமாவை ஒட்டிய பக்கத்தில். ஆனால், நீர் செல்ல வேண்டியதோ எதிர்ப்பக்கத்தில் உள்ள முன்கண் நீர்மத்திற்கு. திசை மாறி இறைக்கும் ஏற்றத்தால் என்ன பயன்?

மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பார்த்தால் புதிர் அவிழும். மின்னிறைப்பி நீரைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து இறங்கும் நீரே வீட்டின் எல்லாக் குழாய்களிலும் பாய்கிறது. அதுபோல, சோடியம் இடைவிடாமல் வெளியேற்றப்படுவதால் செல்லுக்குள் அதன் செறிவு குறைகிறது. மீண்டும் உள்ளே நுழைய அது விரைகிறது. அவ்வாறு நுழையும்போது, சவ்விலுள்ள இணைக்கடத்திகள் என்னும் புரதங்கள் அதனுடன் வேறு அயனிகளையும் சேர்த்து அழைத்து வருகின்றன. அவற்றுள் ஒன்று பைகார்பனேட்டையும், மற்றொன்று குளோரைடையும் ஸ்ட்ரோமாவின் பக்கத்திலிருந்து செல்லுக்குள் கொணர்கின்றன.

செல்லுக்குள்ளும் பைகார்பனேட்டு உருவாகிறது. கார்பன் டைஆக்சைடும் நீரும் சேர்ந்து அதனை உண்டாக்கும் வினையைக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி விரைவுபடுத்துகிறது. இவ்வாறு செல்லுக்குள் சேரும் எதிர்மின்சுமை அயனிகள், முன்கண் நீர்மத்தை நோக்கியுள்ள சவ்வின் அயனி வாய்க்கால்கள் வழியே வெளியேறுகின்றன. அதனால் அப்பக்கம் சிறிதளவு எதிர்மின்னழுத்தம் பெறுகிறது. அதன் அளவு ஏறக்குறைய அரை மில்லிவோல்ட்டே. அதனால் ஈர்க்கப்பட்டு, நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் செல்களுக்கு இடைப்பட்ட சந்துகள் வழியே அப்பக்கம் சேர்கின்றன. முடிவில், ஸ்ட்ரோமாவிலிருந்து முன்கண் நீர்மத்திற்கு உப்பு நகர்கிறது. திசை மாறியதாகத் தோன்றிய ஏற்றம், சரியான திசையிலேயே பயன் விளைவிக்கிறது.

இவ்விளக்கத்திற்குச் சோதனைகள் சான்று பகர்கின்றன. ஆப்பிரிக்கச் செடிகளிலிருந்து பெறப்படும் ஊவபாயின் என்னும் நஞ்சு, சோடியம் – பொட்டாசியம் ஏடிபேசைத் தடுக்கும். அதனைச் செலுத்தினால் கருவிழிப்படலம் வீங்கிவிடும். சூழ்ந்துள்ள கரைசலிலிருந்து பைகார்பனேட்டை நீக்கினாலும் அதே விளைவு உண்டாகும். தொடரின் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஏற்றம் தளர்கிறது.

நீர் பின்தொடரும் வழி

உப்பு நகர்ந்த பக்கத்திற்கு நீர் பின்தொடர்கிறது. செல் சவ்வு கொழுப்பால் ஆனதாதலால், நீர் அதனூடே விரைந்து செல்லத் தனி வழி தேவை. அவ்வழி அக்குவாபோரின் எனப்படும் புரதக் குழாய். பீட்டர் ஏகர் என்னும் அமெரிக்க அறிஞர் குருதிச் சிவப்பணுக்களில் அதனைக் கண்டறிந்தார். 2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அவர் கண்டறிந்த அக்குவாபோரின் 1 கருவிழியின் எண்டோதீலியத்திலும் நிறைந்துள்ளது. அப்புரதம் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில், வீங்கிய கருவிழிப்படலம் மீண்டும் தெளிவடையக் கூடுதல் காலம் பிடித்தது.

எனினும், எண்டோதீலியத்தைக் கடக்கும் நீரில் எவ்வளவு செல்களின் ஊடே செல்கிறது, எவ்வளவு செல்களுக்கு இடையே செல்கிறது என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. படலத்தின் செல்கள் குளுக்கோசைச் சிதைக்கும்போது உண்டாகும் லாக்டேட்டு வெளியேறுகையில், அதுவும் நீரை உடன் அழைத்துச் செல்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. எபிதீலியமும் குளோரைடு அயனிகளைக் கண்ணீர்ப் பக்கம் சுரந்து சிறு பங்களிப்பைச் செய்கிறது. நீரை வெளியேற்றும் பணி ஒரே புரதத்தின் செயலன்று. பல புரதங்கள் இணைந்து நிகழ்த்துவது.

தெரிந்து தெளிவோம்

முயலின் கண்ணில் செய்த அளவீடுகளின்படி, ஒரு சதுர சென்டிமீட்டர் எண்டோதீலியம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் நீர் ஏறக்குறைய 6 மைக்ரோலிட்டர். ஒரு லிட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு மைக்ரோலிட்டர். அளவு சிறிதாகத் தோன்றினாலும், அதே பரப்பில் உள்ள ஸ்ட்ரோமாவின் மொத்தக் கன அளவே ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர்தான் என்பதைக் கருதினால் அதன் பெருமை விளங்கும்.

கசிவும் தேவையே

எண்டோதீலியச் செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் முழுமையாக மூடப்பட்டவை அல்ல. அவற்றின் வழியே முன்கண் நீர்மம் சிறிது சிறிதாக ஸ்ட்ரோமாவிற்குள் கசிகிறது. நீரை இறைத்து வெளியேற்றும் செல்கள் கசிவை அடைத்துவிட்டால் உழைப்பு மிச்சமாகாதா என்று தோன்றலாம்.

கசிவை அடைத்தால் கருவிழிப்படலம் பட்டினியால் அழியும். குருதிக்குழாய்கள் இருப்பின் அவை ஒளியை மறைக்கும்; ஆதலால் இப்படலம் குருதியின்றியே வாழ வேண்டியுள்ளது. குளுக்கோசு, அமினோ அமிலங்கள் முதலிய ஊட்டப்பொருள்கள் பெரிதும் முன்கண் நீர்மத்தின் கசிவு வழியே வந்து சேர்கின்றன. உயிர்வளியைக் காற்றிலிருந்து கண்ணீர் கரைத்துத் தருகிறது. நெல் விளைநிலத்தில் மடை வழியே நீர் வருவதும் வடிகால் வழியே மிகுநீர் வெளியேறுவதும் ஒருங்கே நடைபெற வேண்டும். மடையை அடைத்தால் பயிர் வாடும். வடிகாலை அடைத்தால் பயிர் அழுகும். கருவிழியிலும் கசிவு மடையாகவும், அயனிக் கடத்தல் வடிகாலாகவும் அமைகின்றன. இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை பார்வை தெளிவாக இருக்கும். இதனை ‘ஏற்றமும் கசிவும்’ என்னும் கோட்பாடாக அறிஞர் குறிப்பிடுவர்.

இரவும் காலையும்

இச்சமநிலை நாள்தோறும் சிறிது அசைகிறது. உறங்கும்போது இமைகள் மூடியிருப்பதால் காற்றிலிருந்து நேரே உயிர்வளி கிடைப்பதில்லை. கண்ணீர் ஆவியாவதும் நின்றுவிடுகிறது. அதனால் கருவிழிப்படலம் இரவில் ஏறக்குறைய 3 முதல் 4 விழுக்காடு வரை தடிக்கிறது. காலையில் கண் திறந்த ஓரிரு மணி நேரத்தில் பழைய அளவை அடைகிறது. நலமுடையோர் இம்மாற்றத்தை உணர்வதில்லை.

இரவில் கழற்ற வேண்டிய தொடுவில்லையை அணிந்தபடியே உறங்குவோர்க்கு உயிர்வளி மேலும் குறைந்து வீக்கம் மிகுகிறது, நோய்த்தொற்றுக்கும் இடமேற்படுகிறது. தொடுவில்லையைக் கழற்றிவிட்டு உறங்க வேண்டும் என மருத்துவர் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

ஈடுசெய்ய இயலாத இருப்பு

எபிதீலியச் செல்கள் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். கண்ணில் தூசு கீறிய காயம் விரைவில் ஆறுவது அதனால்தான். எண்டோதீலியச் செல்களின் நிலை வேறு. மனிதக் கண்ணில் அவை பிரிந்து பெருகுவதில்லை. பிறக்கும்போது பெற்றதே வாழ்நாள் முழுமைக்குமான இருப்பு.

குழந்தைப் பருவத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் நான்காயிரத்திற்கும் மேற்பட்ட செல்கள் காணப்படும். இளமையில் அவ்வெண்ணிக்கை மூவாயிரம் அளவில் அமையும். அதன்பின் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.6 விழுக்காடு குறைந்துகொண்டே வரும். ஒரு செல் அழிந்தால், அண்டைச் செல்கள் அகன்று விரிந்து அவ்விடத்தை மூடிக்கொள்கின்றன. தேனடைபோல் அறுகோணமாய் அமைந்திருந்த செல்கள் வடிவம் மாறிப் பெருக்கின்றன. எஞ்சியவை மிகுந்து உழைக்கின்றன. முதுமையிலும் பெரும்பாலோர்க்குத் தெளிவு குன்றாமல் இருப்பது இவ்வுழைப்பின் பயன். எண்ணிக்கை ஐந்நூறு அளவிற்குக் கீழே சரியும்போது, ஏற்றம் கசிவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்கும் நிலை நெருங்குகிறது. அப்போது படலம் வீங்கும், மேற்பரப்பில் நீர்க்கொப்புளங்கள் தோன்றி வலி தரும், பார்வை மங்கும்.

இதனை எடுத்துக்காட்டும் நோய் ஒன்றை 1910ஆம் ஆண்டு எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்னும் வியன்னா நகரக் கண் மருத்துவர் விளக்கினார். அவர் பெயராலேயே வழங்கும் அந்நோயில் எண்டோதீலியச் செல்கள் உரிய காலத்திற்கு முன்பே அழிகின்றன. நோயுற்றோர்க்குக் காலையில் பார்வை மங்கலாக இருக்கும். பொழுது ஏற ஏறச் சற்றுத் தெளியும். பகலில் கண்ணீர் ஆவியாவதால், நலிந்த ஏற்றத்திற்கு அது துணை செய்கிறது. காலைக்கும் மாலைக்கும் இடையே உள்ள அவ்வேறுபாட்டைக் கேட்டறிந்தே மருத்துவர் நோயை ஐயுறத் தொடங்குவர்.

கண்புரை அறுவையின்போதும் எண்டோதீலியச் செல்கள் ஓரளவு இழக்கப்படக்கூடும். எனவே, பசைத்தன்மை உடைய நீர்மத்தைக் கண்ணுக்குள் செலுத்தி, அச்செல்களைக் காத்துக்கொண்டே மருத்துவர் அறுவையை மேற்கொள்கின்றனர்.

ஒருவர் கண், மற்றொருவர் பார்வை

ஏற்றம் முற்றிலும் பழுதானால் மருந்துகளால் மீட்க இயலாது. உயிருள்ள செல்களைப் பிறரிடமிருந்து பெற வேண்டும். 1905ஆம் ஆண்டு எடுவர்ட் சிர்ம் என்னும் மருத்துவர், இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலமொட்சு நகரில், சுண்ணாம்பினால் பார்வையிழந்த தொழிலாளி ஒருவருக்குக் கருவிழிப்படலத்தை மாற்றிப் பொருத்தி வெற்றி கண்டார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945ஆம் ஆண்டு சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய மருத்துவர் ஆர். இ. எஸ். முத்தையா, 1948இல் நாட்டின் முதல் கருவிழி மாற்று அறுவையையும் மேற்கொண்டார்.

தொடக்கத்தில் படலத்தின் எல்லா அடுக்குகளும் முழுமையாக மாற்றப்பட்டன. பழுது உள்ளடுக்கில் மட்டும் இருக்கும்போது முழுப்படலத்தையும் மாற்றுவது ஏன் என்னும் சிந்தனை பின்னர் வலுப்பெற்றது. நெதர்லாந்து மருத்துவர் ஹெரிட் மெல்லஸ், டெசிமெட் சவ்வையும் எண்டோதீலியத்தையும் மட்டும் பிரித்தெடுத்துப் பொருத்தும் முறையை 2006ஆம் ஆண்டு வெளியிட்டார். மயிரிழையினும் மெல்லிய அச்சவ்வைக் கண்ணுக்குள் விரித்து, காற்றுக்குமிழி ஒன்றால் தாங்கி நிறுத்துகின்றனர். பொருத்தப்பட்ட செல்கள் நீரை இறைக்கத் தொடங்கியதும் வீக்கம் வடிகிறது. மங்கிய படலம் தெளிகிறது.

கொடையாகப் பெற்ற கண்ணைக் காப்பதிலும் அயனிக் கடத்தல் பற்றிய அறிவே வழிகாட்டுகிறது. மெக்கேரி, காஃப்மன் ஆகிய இருவர் 1974இல் உருவாக்கிய காப்புக் கரைசல், கருவிழிப்படலத்தை 4 பாகை செல்சியசு வெப்பநிலையில் சில நாள்கள் வைத்திருக்க உதவியது. பின்வந்த கரைசல்கள் அக்காலத்தை இரு வாரம் வரை நீட்டித்தன. அக்குளிரில் ஏற்றம் நின்றிருக்கும். படலம் வீங்காதிருக்க, நீரை வெளியே இழுத்துவைக்கும் பொருள்கள் கரைசலில் சேர்க்கப்படுகின்றன. உடலில் பொருத்தி வெப்பம் பெற்றதும் செல்கள் மீண்டும் இயங்குகின்றன. 1955இல் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கண் தெளிந்ததைப் போலவே, கண் வங்கியிலிருந்து வந்த படலமும் மற்றொருவர் கண்ணில் தெளிகிறது.

கண்கொடையில் காலம் இன்றியமையாதது. இதயம் நின்றபின்னும் எண்டோதீலியச் செல்கள் சில மணி நேரம் உயிருடன் இருக்கின்றன. ஆனால், அவை அழியத் தொடங்கினால் மீளா. எனவேதான், இறந்த ஆறு மணி நேரத்திற்குள் கண்கள் பெறப்பட வேண்டும் என வலியுறுத்தப்படுகிறது. இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சை அவற்றின்மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தல் வேண்டும். கண் வங்கியில் நுண்ணோக்கியால் செல்கள் எண்ணப்படுகின்றன. பொதுவாக, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்திற்கு மேல் இருப்பின் அப்படலம் உள்ளடுக்கு மாற்றத்திற்கு ஏற்றதாகக் கொள்ளப்படுகிறது. முதுமையோ, கண்ணாடி அணிந்திருந்தமையோ, கண்புரை அறுவை செய்துகொண்டமையோ கண்கொடைக்குத் தடையல்ல. இரு கண்களின் படலங்கள் இருவர்க்குப் பார்வை தரவல்லன.

தெரியுமா?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை இந்தியாவில் தேசியக் கண்கொடை இருவார விழா கடைப்பிடிக்கப்படுகிறது. ஒருவர் உறுதிமொழி அளித்திருந்தாலும், அவர் இறந்தபின் கண் வங்கிக்குத் தகவல் தர வேண்டியவர்கள் குடும்பத்தினரே. ஆதலால், கண்கொடை பற்றிய முடிவை வீட்டாருடன் பேசித் தெரிவித்திருத்தல் வேண்டும்.

புதிய நம்பிக்கை

கொடையாகக் கிடைக்கும் கண்கள் தேவைக்குப் போதுமானவை அல்ல. கண்ணுக்குள் பெருகாத எண்டோதீலியச் செல்களை ஆய்வகத்தில் பெருக்க இயலுமா என்னும் வினாவை ஜப்பானிய மருத்துவர் சிகேரு கினோசிட்டா தலைமையிலான குழுவினர் ஆராய்ந்தனர். கொடையாளரின் செல்களை வளர்த்துப் பெருக்கி, அவை படலத்தில் ஒட்டிக்கொள்ளத் துணைபுரியும் மருந்துடன் ஊசி வழியே கண்ணுக்குள் செலுத்தினர். செல்கள் படலத்தின் உட்புறத்தில் படியும்பொருட்டு நோயாளர் சில மணி நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும். 11 நோயாளர்க்கு இம்முறையில் அளித்த சிகிச்சையின் முடிவுகள் 2018ஆம் ஆண்டு வெளியாயின. அவர்தம் படலங்களில் செல்கள் நிலைகொண்டன; தெளிவு திரும்பியது. ஒரு கொடையாளரின் செல்கள் பலர்க்குப் பயன்படும் வாய்ப்பு இதனால் தோன்றியுள்ளது. ஆயினும், அம்முதற்செல்களும் ஒருவரின் கொடையாகவே கிடைக்க வேண்டும்.

மூன்று சோடியம் அயனிகளை வெளியே அனுப்பி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணரும் நுண்செயலின் தொடர்விளைவே எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், வழியறிந்து நடப்பதும். அச்செயலைப் புரியும் செல்கள் தமக்குரியவரின் வாழ்நாளோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்திற்குள் ஒருவர் எடுக்கும் முடிவு, அவற்றை இன்னொருவர் கண்ணில் மீண்டும் இயங்கச் செய்யும்.

கலைச்சொல் விளக்கம்

அயனி – மின்சுமை பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி
ஆற்றல்சார் கடத்தல் – ஆற்றலைச் செலவிட்டுச் செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்குப் பொருளை நகர்த்துதல்
சவ்வூடு பரவல் – கரைபொருள் மிகுந்த பக்கம் நோக்கிச் சவ்வின் வழியே நீர் செல்லுதல்
இணைக்கடத்தி – ஓர் அயனியுடன் மற்றோர் அயனியையும் சேர்த்துக் கடத்தும் புரதம்

இலக்கணக் குறிப்பு

ஓயாத் தொழில் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
விளைநிலம் – வினைத்தொகை
இரவும் பகலும் – எண்ணும்மை
காத்தல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் – காண் + ட் + அன் + அர்
காண் – பகுதி (‘கண்’ எனக் குறுகியது விகாரம்). ட் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் உள்ள கண் வங்கி பற்றிய செய்திகளைத் திரட்டி, வகுப்பறையில் சுவரொட்டியாகக் காட்சிப்படுத்துக.
2. கண்கொடை குறித்து மக்களிடையே நிலவும் தவறான கருத்துகளையும் அவற்றுக்கான அறிவியல் விளக்கங்களையும் உரையாடலாக அமைத்து நடித்துக் காட்டுக.

மதிப்பீடு

குறுவினா
1. கண்ணின் வெண்பகுதியும் ஸ்ட்ரோமாவும் ஒரே பொருளால் ஆகியும் தோற்றத்தில் வேறுபடுவது ஏன்?
2. ‘ஏற்றமும் கசிவும்’ – குறிப்பு வரைக.

சிறுவினா
3. குளிர்ப்பெட்டிச் சோதனை உணர்த்திய உண்மையை விளக்குக.
4. திசை மாறி இயங்குவதுபோல் தோன்றும் சோடியம் – பொட்டாசியம் ஏடிபேஸ், நீரை உரிய திசையில் வெளியேற்ற உதவுமாற்றை மேல்நிலைத் தொட்டி உவமையுடன் எடுத்துரைக்க.

நெடுவினா
5. எண்டோதீலியச் செல்களின் இயல்பையும் கண்கொடையின் தேவையையும் தொடர்புபடுத்திக் கட்டுரை வரைக.